கன்னத்தில் என்ன போட்டார்கள் என்று தெரியாமல் அலைந்தேன்

இடது கன்னத்துக் கட்டியை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. வாய்க்குள் போட்ட தையல் கரைந்துவிட்டது, சிரித்தால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. என்னைப் போல சலூனில் ஊசி போட்டுவிட்டு இன்று கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா, தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2014இல் தங்கை கல்யாணத்துக்கு முன்னால், கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பியூட்டி சலூனில் இரண்டு கன்னத்திலும் ஃபில்லர், அதாவது கன்னத்தை உப்பலாகக் காட்ட உள்ளே நிரப்பும் ஊசி, போட்டேன். "பெர்மனன்ட், ஒரு தடவை போட்டா போதும்" என்றார்கள். அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். பெட்டியைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ரசீதில் 'ஃபேஷியல்' என்று மட்டும் இருந்தது.

ஒன்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்தது. பல் சரியாகி இரண்டு வாரத்தில் கன்னம் வீங்கி, உள்ளே கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. இத்தனை வருடம் கழித்து வருமா என்று நம்பவே முடியவில்லை. நிரந்தர ஃபில்லரைச் சுற்றி உடம்பு இப்படிக் கட்டி கட்டுவது பல வருடம் கழித்தும் நடக்கும், எங்கோ வந்த தொற்றுகூட அதைக் கிளப்பிவிடலாம் என்று பின்னால்தான் தெரிந்தது.

முதலில் போன தனியார் கிளினிக்கில் "கரைச்சிடலாம்" என்று ஊசி போட்டார்கள். இரண்டு தடவை, மொத்தம் 1,200 வெள்ளி. கட்டி அசையவே இல்லை. தற்காலிக வகையான ஹயலூரானிக் அமில ஃபில்லரைத்தான் அந்த ஊசி கரைக்கும். சிலிக்கான், பிஎம்எம்ஏ, பாலிஅக்ரிலமைடு போன்ற நிரந்தர ஃபில்லர்களைக் கரைக்க மருந்தே கிடையாது. உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி ஊசியை எடுத்தார்கள்? இன்னும் எனக்கு ஆறவில்லை.

சலூனில் கேட்கலாம் என்று போனால் அங்கே கைப்பேசிக் கடை இருந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அண்ணன், "அது மூடி ரொம்ப வருஷம் ஆச்சும்மா" என்றார்.

அரசாங்க மருத்துவமனைக்குக் காலை ஆறரைக்கே செந்தூலிலிருந்து கிளம்பினேன். கவுன்டரில் ரெஃபரல் லெட்டர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) 1 வெள்ளி கட்டிக் கடிதம் வாங்கினேன். வெட்கத்தில் ஃபில்லர் என்று வாயைத் திறக்கவில்லை, அதனால் கடிதத்தில் 'முக வீக்கம்' என்று மட்டும் எழுதினார்கள். அதை வைத்துப் பல் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு நாள் முழுக்கப் போனது. கடைசியில் ஒரு மிஸ்ஸிதான் (நர்ஸ்) பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நீங்க மறைச்சா டாக்டருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புதுக் கடிதத்தோடு தோல் பிரிவுக்குப் போனேன். தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் திரையில் கன்னத்துக்குள் பனி கொட்டுவது போல வெள்ளையாக ஒரு மூட்டம் தெரிந்தது. சிலிக்கான் அப்படித்தான் தெரியும் என்றார் டாக்டர். சதைத் துண்டை எடுத்துப் பார்த்த பயாப்ஸியும் அதையே சொன்னது. பெயர் தெரிந்த அன்று, கெட்ட சேதியாக இருந்தும், மனசு லேசானது.

இரண்டு கன்னத்திலும் மாதம் ஒன்றாக நான்கு ஸ்டீராய்டு ஊசி போட்டதில் வலது பக்க வீக்கம் நன்றாகச் சுருங்கியது. இடது பக்கம் கேட்கவில்லை. மேலும் போட்டால் தோல் மெலிந்து குழி விழலாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

இடையில் இன்னொரு தனியார் இடத்தில் "ஒரே தடவையில் முழுசா எடுத்துடலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். சிலிக்கான் சதைக்குள் ஊறிப் பரவிவிடும், முழுவதையும் எடுக்கப் போனால் முக நரம்பு அடிபடலாம் என்று தோல் டாக்டர் ஏற்கெனவே படம் போட்டுக் காட்டியிருந்தார். அப்படி யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். எனக்கு அந்தக் கெட்டிக் கட்டியை மட்டும் வாய்க்குள் வழியாக எடுத்தார்கள். புட்டியில் போட்டுக் காட்டினார்கள்: மொச்சைக் கொட்டை அளவு, மஞ்சளாக. மீதி உள்ளேதான் இருக்கிறது.

இனி என்ன செய்வது என்று கேட்டதற்கு, அந்த இடத்தின் மேல் வேறு எந்த ஃபில்லரும் வேண்டாம் என்றார் தோல் டாக்டர். காலையில் சன்ஸ்கிரீன், இரவில் ட்ரெட்டினாயின் என்ற தோல் கிரீம், அவ்வளவுதான் இப்போது. முதல் மூன்று வாரம் தோல் உரிந்தது, பிறகு பழகிவிட்டது. புதிதாகப் போட நினைப்பவர்கள் கரைக்கக்கூடிய ஹயலூரானிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வருடம் போல நிற்கும். அதிலும் ரத்தக்குழாய் அடைத்துக் கண் பார்வை போகும் ஆபத்து உண்டு, கரைக்கும் மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பொது டாக்டர் என்றால் அழகு சிகிச்சை செய்ய சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண் ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். சலூனில் ஊசியே வேண்டாம்.

என் ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்குப் பின்னால் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது: 'சிலிக்கான், இரண்டு கன்னம், 2014.' போன வாரம் பல் டாக்டரிடம், நாற்காலியில் உட்காரும் முன்னே அதைத்தான் நீட்டினேன்.