குளிர்காலக் கரையில் யார் இருக்கிறார்கள்?

கரைப் பறவை பார்க்க வேண்டுமா, நவம்பரில் வாருங்கள் என்றுதான் மொரீஷியஸில் எல்லாரும் சொல்வார்கள். சைபீரியாப் பக்கமிருந்து வரும் உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தையில்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப் பறவை) அப்போது கரையெங்கும் இருக்கும். அது சரிதான். ஆனால் ஈல் ஓ ஸெக்ரெத் தீவில் இத்தனை வருடம் வேலை பார்த்த பிறகு, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, அதாவது இங்கே குளிர்காலத்தில், எழுதிய குறிப்புகளையே நான் அதிகம் மதிக்கிறேன்.

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையிலுள்ள மாயேபூர் ஊருக்கு எதிரே, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் 26 ஹெக்டேர் தீவு இது. முழுக்கப் பவளச் சுண்ணாம்புப் பாறை. அலை குடைந்து குடைந்து விளிம்பின் அடி உள்வாங்கிவிட, மேற்பாறை தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் இளஞ்சிவப்புப் புறாவையும் ராட்சத ஆமையையும் கருங்காலிக் காட்டையும் பார்த்துவிட்டுப் படகேறிவிடுவார்கள். 1990 வாக்கில் காட்டில் பத்து அளவே மிஞ்சியிருந்த புறா அது, பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். கரைப்பக்கம் யாரும் அவ்வளவாக வருவதில்லை.

குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் ஓயாது. இங்கே கடலின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான். அதனால் பறவை எங்கே நிற்கும் என்று தெரிய ஓத அட்டவணையைவிடக் காற்றைப் பார்ப்பதே எனக்கு உதவியிருக்கிறது. காற்று பலமென்றால் மொரீஷியஸ் கரையைப் பார்த்த மறைவுப் பக்கம் போவேன். பாறை விளிம்பில் தோசிக் கொக்கு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். அது வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் பறவை. கடல் பக்கம் நின்றால், அதிர்ஷ்டமிருந்தால், பவளத்திட்டுக்கு அப்பால் கூன்முதுகுத் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரியும். அண்டார்க்டிக் கடலிலிருந்து கன்று ஈன வருபவை அவை.

ஆனால் நான் தேடிப் போவது கல்திருப்பி உள்ளானை. வளர்ந்த பறவைகள் ஏப்ரல், மே வாக்கில் செங்கபில நிறம் ஏறி, முட்டையிட வடதுருவப் பக்கம் போய்விடும். முதல் வருடக் குஞ்சுகள் பலவும் போவதில்லை. இன்னும் ஜோடி சேரும் வயது வராததால் அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறக்க அவற்றுக்கு அவசியமில்லை. மங்கிய பழுப்பு இறகோடு, ஓரங்கள் தேய்ந்துபோய், இங்கேயே பாசியைப் புரட்டிப் புரட்டி மேயும். சின்னக் கோட்டான்களிலும் அப்படித் தங்கிவிடுபவை உண்டு. ஒருமுறை பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். “பறவையெல்லாம் ஊருக்குப் போயிடுச்சா அண்ணே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். தொலைநோக்கியை அவள் உயரத்துக்கு இறக்கி ஒரு கல்திருப்பியைக் காட்டினேன். அது உன்னை மாதிரி சின்னப் பிள்ளை, இந்த வருடம் இங்கேயே இருக்கும் என்றேன். மற்ற பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

2020 ஜூலை 25 அன்று வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தீவுக்கு அருகே புவாந்த் தெனி பவளத்திட்டில் ஏறி நின்றது. அப்போது அதில் சரக்கு இல்லை, எரிபொருள் மட்டும்தான். ஆகஸ்ட் 6 அன்று கசிவு தொடங்கியது, ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை செய்தார்கள். சாதி, மதம் பார்க்காமல் ஊரே இறங்கிய நாட்கள் அவை, இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. தீவின் நாற்றங்கால் செடிகளையும் சில சிறு பறவைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கரைப் பறவையை அப்படித் தூக்கிப்போக முடியாது. அது நடந்ததும் குளிர்காலத்தில். அந்தக் கறுத்த விளிம்பில் முன்பு யார் மேய்ந்தார்கள் என்று கேட்டால், நவம்பர்க் கணக்கு பதில் சொல்லாது. அதற்கு முந்தைய ஜூலையில் என்ன இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

அதனால் புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்றை விடாமல் சொல்கிறேன். ஒன்றுமே காணவில்லையென்றால் “எதுவும் இல்லை” என்று எழுதுங்கள், நேரத்தோடும் காற்றின் திசையோடும். காலியாக விட்ட பக்கத்தைப் பார்த்தால், பறவை வரவில்லையா, ஆள் போகவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் பாதிக்குள் இந்த எண்ணிக்கையை முடித்தாக வேண்டும். அப்புறம் வடக்கேயிருந்து முதல் பறவைகள் இறங்கத் தொடங்கிவிடும், தங்கியது எது, வந்தது எது என்று பிரிப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிவிடும்.