வேறு வேறு அறை, ஒரே தாளம்

30 ஜூன் 2023, வெள்ளி

ஜாஸையும் நம் இசையையும் கலந்து வாசிக்கும் சக்தி குழுவின் புது ஆல்பம் 'திஸ் மொமென்ட்' இன்று வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, ஹெட்போனில் எட்டு உருப்படிகளையும் நிறுத்தாமல் கேட்டேன். ஸ்டுடியோவில் செய்த சக்தி ஆல்பம் என்று பார்த்தால் 1977இன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்'தான் கடைசி. நடுவில் 46 வருடம். 1997க்குப் பிறகு 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் ஊர் ஊராக வாசித்தார்கள், அந்தக் கச்சேரிப் பதிவுகளை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை, ஆனால் அவர்கள் நிதானமாக இழைத்து இழைத்துச் செய்யும் ஆல்பம் இனி ஒன்று வரும் என்று நான் எண்ணியதே இல்லை.

குழுவின் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லினுக்கு இப்போது 81 வயது. கை மூட்டுவலி படுத்தியெடுத்து, 2017இல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தே வாசித்தவர். அந்தக் கையா இது என்று இரண்டு இடங்களில் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டேன். ஓடுகிற இடத்தில் ஓடுகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

2 ஜூலை 2023, ஞாயிறு

காலையிலிருந்து பழைய சக்தி. முதல் ஆல்பம் 1975 ஜூலையில், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில், ரசிகர்கள் முன்னால் வாசித்தது. அதில் 'ஜாய்' மட்டும் 18 நிமிடம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் அரங்கம் அதிர எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த மெக்லாஃப்லின், அதையெல்லாம் விட்டுவிட்டு இவர்களோடு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். சுரத்தை அசைக்கும் கமகத்துக்குத் தந்தி வளைய வேண்டும் என்பதற்காகவே விரல் பலகையில் மெட்டுக்கட்டைகளுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து, குறுக்கே தானாகவே கூட அதிரும் ஏழு தந்திகள் பூட்டித் தனியாக ஒரு கிட்டார் செய்ய வைத்தார். அந்தக் காலத்தில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

பழசையும் புதுசையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 1975இல் இருந்தது ஓட்டம். ஐந்து பேரும் இளைஞர்கள் போல (மெக்லாஃப்லினுக்கே அப்போது 33தான்) ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள், வயலினும் கிட்டாரும் மூச்சு வாங்க ஓடிவந்து ஒரே புள்ளியில் விழும்போது கூட்டம் கத்துகிறது. இப்போது நடுவில் ஒரு பாடகர் இருக்கிறார். சங்கர் மகாதேவன் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் வழி விடுகிறார்கள். வாத்தியத்துக்குக் கிடைக்காத மூச்சு பாட்டில் கிடைக்கிறது, அந்த மூச்சு குழு முழுவதற்கும் தொற்றிக்கொள்கிறது. 'மோகனம்' கேளுங்கள். ச ரி க ப த, ஐந்தே சுரம், நம் வீட்டில் குழந்தைகள் ஆரம்பப் பாடங்களிலேயே கீதம் கற்கும் ராகம். அதை இத்தனை வயதில் இத்தனை அடக்கமாகத் தொட்டிருக்கிறார்கள்.

குறை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கிட்டார் சிந்தசைசரின் மெத்தை போன்ற ஒலி சில இடங்களில் எனக்கு அதிகம். அந்தப் பழைய மரக் கிட்டாரின் கரகரப்புக்குப் பழகிய காது இது.

9 ஜூலை 2023, ஞாயிறு

இந்த ஆல்பம் ஒரே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து வாசித்துப் பதிவானதில்லை. தொற்றுக்காலம். மெக்லாஃப்லின் மொனாக்கோவில், ஜாகிர் கலிபோர்னியாவில், சங்கர் மகாதேவன் மும்பையில். ஒருவர் வாசித்து அனுப்ப, அடுத்தவர் அதன்மேல் வாசித்து அனுப்ப, இப்படிச் சேர்ந்தது. ஜாஸ் என்றால் அந்த நொடியில் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து வாசிப்பது. அப்படியிருக்கக் கோப்பு அனுப்பி வாசித்ததில் இவ்வளவு உயிர் எப்படி வந்தது? ஒரு வாரமாக இதே யோசனை.

சிறுவயதில் நான்கு வருடம் கடம் கற்றேன். மானாமதுரைக் கடம், கனம், மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். வாத்தியார் முதல் ஆறு மாதம் பானையைத் தொடவே விடவில்லை. வாயால் சொல்லு, கையால் தாளம் போடு, அவ்வளவுதான். எட்டு மாத்திரை, அதாவது எட்டு எண்ணிக்கை நீளமுள்ள சொற்கட்டை மூன்று தடவை சொல்ல வேண்டும், நடுவில் நான்கு, நான்கு என்று இரண்டு இடைவெளி. 8, 4, 8, 4, 8. கூட்டினால் 32, ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று முடிந்து, சரியாகச் சமத்தில், அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். நான் அந்த நான்கு மாத்திரை மௌனத்தைப் பொறுக்காமல் அவசரப்பட்டு அடுத்த சொல்லை எடுத்துவிடுவேன். "டேய், சும்மா இருக்கறதும் கணக்குல சேர்த்திடா" என்பார்.

இதுதான் பதில் என்று நினைக்கிறேன். தாளம் எல்லோருக்கும் ஒன்று. கஞ்சிரா வாசிக்கும் செல்வகணேஷ், வயலின் வாசிக்கும் கணேஷ் ராஜகோபாலன், சங்கர் மகாதேவன், மூன்று பேருமே இதில் கொன்னக்கோல், அதாவது வாயால் தாளச் சொற்கள், சொல்கிறார்கள். மெக்லாஃப்லினோ கொன்னக்கோலை ஐம்பது வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர். எதிராளி எந்த இடத்தில் எடுப்பார், எங்கே கோர்வை என்ற முடிப்புக் கணக்கை வைப்பார், எந்த இடைவெளியை யாருக்கு விட்டுவைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அறை வேறானாலும் சமம் ஒன்றுதான். மௌனமான அந்த நான்கு மாத்திரையை யாரும் அடைக்காமல் விட்டிருக்கிறார்களே, அங்கேதான் எனக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது.

19 செப்டம்பர் 2023, செவ்வாய்

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் போய் இன்று ஒன்பது வருடம். 45 வயதில் போனார். அவர் இல்லாமல் இந்தக் குழு இல்லை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆல்பத்தின் முதல் உருப்படிக்கே 'ஸ்ரீனி'ஸ் ட்ரீம்' என்று பெயர். 'கிரிராஜ் சுதா'வும் இதில் உண்டு. 2001இல் வந்த மும்பைக் கச்சேரிப் பதிவில் அவர் வாசித்து நான் மயங்கிக் கிடந்த உருப்படி அது. இதில் மாண்டலின் இல்லை, வேறொரு மாண்டலின்காரரைக் கூட்டி வந்து அந்த இடத்தில் உட்கார வைக்கவும் இல்லை. வயலினைக் கொண்டு வந்தார்கள். கணேஷ் ராஜகோபாலனின் வில், கணேஷ்–குமரேஷ் கச்சேரிகளில் கேட்ட அதே கனத்த, பாட்டுத்தன்மையுள்ள வில், ஸ்ரீனிவாஸ் போலச் செய்ய ஒரு கணம்கூட முயலவில்லை. சரியான முடிவு. மாண்டலினைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ஆனால் ஆல்பம் பழையதாகிப் போயிருக்கும்.

5 பிப்ரவரி 2024, திங்கள்

கிராமி கிடைத்துவிட்டது! சிறந்த குளோபல் மியூசிக் ஆல்பம். காலையில் போனைத் திறந்ததும் அண்ணன் அனுப்பிய செய்திதான் முதலில். ஜாகிருக்கு மட்டும் ஒரே இரவில் மூன்று.

எனக்கு இதில் பெரிய சந்தோஷம் விக்கு–செல்வகணேஷ். 1991இல் வந்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்து கிராமி பெற்றவர் அப்பா விக்கு, இன்று பிள்ளை. சக்தியிலும் அப்பா எழுந்த இடத்தில் பிள்ளை உட்கார்ந்தார், ஆனால் அப்பாவின் கடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரவில்லை, கஞ்சிராவோடு வந்தார். உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சின்ன வளையம், ஒரு கை பிடித்திருக்க ஒரு கை மட்டும் வாசிக்கிற வாத்தியம், தோலில் துளி தண்ணீர் தடவினால் குரல் கீழே இறங்கி மத்தளத்தின் இடப்பக்கத் தொப்பி போலக் குமுறும். தபலாவின் கணீருக்குப் பக்கத்தில் அந்தக் குமுறலை வைத்துப் பாருங்கள், கீழ் ஸ்தாயி கிட்டார் ஏன் இந்தக் குழுவுக்குத் தேவைப்படவில்லை என்று புரியும்.

16 டிசம்பர் 2024, திங்கள்

ஜாகிர் உசேன் போய்விட்டார். சான் பிரான்சிஸ்கோவில். நுரையீரல் நோய், 73 வயது. நேற்று இரவே செய்தி வந்தது, பொய்யாக இருக்கட்டும் என்று படுத்தேன், இன்று குடும்பத்தாரே உறுதி செய்துவிட்டார்கள்.

இன்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

22 டிசம்பர் 2024, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் பெண்ணுக்குப் பத்து வயது, மிருதங்கம் கற்கிறாள். "சித்தப்பா, அந்த சக்தி பாட்டு போடுங்க" என்று அவளே கேட்டாள். அண்ணன் சாய்வு நாற்காலியில், நான் தரையில், அவள் என் பக்கத்தில். தனி ஆவர்த்தனத்தில் தபலாவும் கஞ்சிராவும் மாறி மாறி வர வர அவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கோர்வை வந்தது. முதல் இடைவெளியில் அவசரப்பட்டுத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது இடைவெளியில் கையைத் தூக்கியபடியே வைத்திருந்தாள். அண்ணனும் நானும் எங்களை அறியாமல் அப்படியே வைத்திருந்தோம். சமத்தில் மூன்று கையும் ஒன்றாக விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றாள். போட்டேன்.