அப்பாவின் கம்ப்யூட்டரை மாற்றுவதா, அப்படியே விடுவதா?

பம்பாய் செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில், தையல் மிஷினுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் அப்பாவின் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2012ல் லாமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. கோர் ஐ3 2120 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. 2016ல் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10க்கு மாறினோம். அதற்கப்புறம் பெரிதாக யாரும் அதில் கை வைக்கவில்லை. அப்பாவுக்கு இப்போது 79 வயது. காலையில் காபி முடிந்து, பேப்பரும் முடிந்து, ஒன்பது மணி வாக்கில் அதன் முன்னால் உட்காருவார். ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அது தயாராகியிருக்கும். ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஏழு நிமிடம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அந்த வாரம் திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது. "இந்தாம்மா, இது என்னமோ சொல்லுது, வந்து பாரு" என்று அப்பா கூப்பிட்டார். குரலில் பயம் தெரிந்தது. அதற்குக் காரணம் உண்டு.

இதற்கு முன்பு வீட்டில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மிஷின் இருந்தது. அது மெதுவாகிவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தோம். "டேட்டா எல்லாம் அப்படியே இருக்கும்" என்று சொன்ன பையன், டிஸ்க்கை முழுக்க ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்தான். அப்பா எழுதி வைத்திருந்த மூன்று வருடக் கடிதங்கள் போயின. தம்பிக்கு, அத்தைக்கு, ஊரில் இருந்த சிநேகிதர்களுக்கு எழுதியவை. அவர் யாரையும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து "அப்டேட்" என்ற சொல்லைக் கேட்டாலே கை மவுஸிலிருந்து தானாக எழுந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்தார். "பதிமூணு வருஷம் ஓடிடுச்சு. புதுசு வாங்கிக் கொடுத்துடலாம்." பணம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் முதலில் இதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

விண்டோஸ் 11 இதில் ஏறுமா என்று பார்த்தேன். ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும், இது இரண்டாம் தலைமுறை. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், இதில் அது இல்லை. இந்தச் சோதனைகளைத் தாண்டி ஏற்றும் வழிகள் இருக்கின்றன, செய்தவர்களையும் தெரியும். ஆனால் அப்படி ஏற்றிய மிஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிவிட்டு அந்தப் பாதுகாப்புக்கே உத்தரவாதம் இல்லாத வழியில் போவானேன்?

அப்படியானால் இருப்பதையே வைத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் சரியில்லை. ஆதரவு முடிந்த அன்றே கம்ப்யூட்டர் நின்றுவிடாது, நன்றாகத்தான் ஓடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. புதிய விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்கும்போது, எங்கே ஓட்டை இருந்தது என்பதும் வெளியே தெரிந்துவிடுகிறது. அதே ஓட்டை பழையதிலும் இருந்தால் அது திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டுக்கொள்ளாத மிஷின்கள்தான் மாட்டின. அப்பா இதில்தான் பென்ஷன் வந்ததா என்று பேங்க் கணக்கைப் பார்க்கிறார். மாடி வீட்டு மாமாவின் விண்டோஸ் 7 மிஷினில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுபோய், கடைசியில் அவருடைய பேங்கின் பக்கமே திறக்க மறுத்தது. அந்த நிலை இங்கே வரவேண்டாம்.

நல்ல வேளையாக ஒரு வருட அவகாசம் கிடைத்தது. விண்டோஸ் 10க்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது செட்டிங்ஸை ஆன்லைனில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். மைக்ரோசாஃப்ட் கணக்கு மட்டும் வேண்டும். என் கணக்கைப் போட்டு நவம்பரில் பதிவு செய்துவிட்டேன். இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள். அவசரத்தில் எடுக்கிற முடிவிலிருந்து தப்பிக்க இது போதும்.

அப்புறம் அப்பாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க தினமும் எதெல்லாம் திறப்பீங்க, ஒவ்வொண்ணாக் காட்டுங்கப்பா" என்றேன்.

யூடியூபில் கச்சேரி, பேங்க், மெயில். இவை எந்த சிஸ்டத்திலும் ஓடும். அடுத்து ஒரு கறுப்புத் திரையைத் திறந்தார். 90களில் ஃப்ளாப்பியில் வாங்கிய ஜாதக ப்ரோகிராம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் லக்னம், ராசி, தசை இருப்பு எல்லாம் ஆங்கில எழுத்தில் வரும். அதைப் பார்த்து அப்பா காகிதத்தில் கட்டம் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பார். மாதுங்காவிலிருந்து, சயான் கோலிவாடாவிலிருந்து, ஏன் டோம்பிவிலியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காசு வாங்க மாட்டார். இத்தனை வருடம் அது ஓடியதற்குக் காரணம், எங்களுடைய விண்டோஸ் 10 ஒரு 32 பிட் பதிப்பு. 64 பிட் விண்டோஸில் இந்த மாதிரிப் பழைய 16 பிட் ப்ரோகிராம் ஓடாது. விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதாவது புது கம்ப்யூட்டர் வாங்கி மேஜையில் வைத்திருந்தால், முதல் நாளே அப்பாவின் ஜாதகம் நின்றிருக்கும். எங்கள் யாருக்கும் ஏன் என்று புரிந்திருக்காது.

கடைசியாக ஒரு ஃபோல்டரைத் திறந்தார். "அகிலா பக்குவம்" என்று பெயர். அகிலா என் அம்மா.

அம்மா 2019ல் போனாள். அதற்கு முந்தைய இரண்டு வருடம் முழங்கால் வலியால் அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. அப்போது அம்மா சொல்லச் சொல்ல அப்பா தட்டச்சு செய்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. சொதி, உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு, இஞ்சிப் பச்சடி என்று 40 பக்கத்துக்கு மேல். அம்மா பேசிய மாதிரியே இருக்கிறது. "இஞ்சிய நல்லா நசுக்கிப் போடணும், உங்க அக்கா மாதிரி சீவிப் போட்டா ஒறைக்காது" என்று ஒரு வரி. அதைக்கூட விடாமல் அடித்திருக்கிறார்.

பென் டிரைவில் எடுத்து வந்து என் லேப்டாப்பில் திறந்தேன். ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இப்படி ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. அப்பா இன்றுவரை பாமினி ஃபான்டில்தான் அடிக்கிறார். திருநெல்வேலியில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர், பாமினியின் விசைகளும் பெரும்பாலும் அதே வரிசை என்பதால் விரல் அதிலேயே பழகிவிட்டது. இன்று எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோட் முறையில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. பாமினியில் அப்படி இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதன் மேல் தமிழ் உருவத்தை ஒட்டுகிறது. ஃபான்டை எடுத்துவிட்டால் "தமிழ்" என்ற சொல்லே ஜேகேபிஓ அரைப்புள்ளி ஆகிவிடும்.

பாமினியை என் லேப்டாப்பில் போட்டதும் எல்லாம் தெரிந்தது. ஆனால் என் மகள் நாளைக்கு இதை மொபைலில் "சொதி" என்று தேடினால் கிடைக்காது. இன்னும் இருபது வருடம் கழித்து அந்த ஃபான்ட் யாரிடம் இருக்கும்? எந்த சிஸ்டம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு அங்கேதான் புரிந்தது, முதல் வேலை இதுதான். எழுத்தை மீட்ட பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

டிசம்பர் முழுக்க அதைத்தான் செய்தோம். முதலில் மொத்த ஃபோல்டரையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று என் லேப்டாப்பில். பிறகு ஒவ்வொரு ஃபைலாக யூனிகோட் மாற்றியில் போட்டு, அப்பாவோடு உட்கார்ந்து படித்துச் சரிபார்த்தேன். பெரும்பாலும் நன்றாகவே மாறியது. நடுவில் ஆங்கிலத்தில் அடித்த சொற்கள்தான் சிக்கல். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். "கேஸ்" என்று ஆங்கிலத்தில் இருந்தது "பயள" என்று ஆனது.

சொதிக்கு வந்தபோது ஒரு வரி: "பாசிப்பருப்பு அரை உரி." நான் ஒன்றும் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அப்பா திரையில் விரலை வைத்தார். "இரு, இரு. உங்கம்மா உரின்னு சொல்லவே இல்லையே." பழைய ஃபைலைத் திறந்து பார்த்தால் அங்கே ஆங்கிலத்தில் "கப்" என்று இருக்கிறது. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் பாமினியில் உ, ர, இகரக் குறி. சேர்த்தால் உரி! தமிழில் உண்மையாகவே ஒரு அளவு அது. இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அப்பா சின்ன வயதில் கடையில் உரியில் எண்ணெய் அளந்து வாங்கியிருக்கிறாராம். "அம்மா சொன்னது அரை கப். அரை உரி பருப்பு போட்டா சொதி வராது, பருப்புக் குழம்புதான் வரும்" என்றார். வெறும் உளறலாக மாறியிருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். இது அர்த்தமுள்ள சொல்லாகவே மாறியிருந்ததால், அவர் பக்கத்தில் இல்லாமல் நான் தனியாகச் செய்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

அதன் பிறகு சிஸ்டம் விஷயம் சுலபமாகிவிட்டது. டாஸ்பாக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய டாஸ் மிஷினையே உள்ளுக்குள் நடித்துக் காட்டும். என் லேப்டாப்பில் அதைப் போட்டு ஜாதக ப்ரோகிராமைத் திறந்தேன். அப்பா என் பிறந்த நேரத்தைக் கொடுத்து, 1978ல் ஊரில் எழுதிய என் நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார். அவருடைய மிஷினில் என்ன வந்ததோ அதேதான் இங்கேயும் வந்தது. "சரி, பாஸ்" என்றார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை குர்லாவில் மாறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடு போனேன். முதல் கடைக்காரர் இந்தியில், "இவ்வளவு பழசுக்கு ஏன் செலவு செய்றீங்க, புதுசு எடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அடுத்த கடையில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், இன்னொரு 4 ஜிபி ரேமும் எடுத்தேன். இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. வீட்டில் கேபினெட்டைத் திறந்தால் ரேமின் தங்க நிறப் பற்கள் கறுத்துப் போயிருந்தன, பம்பாய்க் கடல் காற்று அப்படி. மகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டேன், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவில்லை. கழற்றி, துணியில் சுற்றி, தேதி எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அப்பா கீபோர்டில் கை வைத்தார்.

இப்போது 40 வினாடியில் திரை வந்துவிடுகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது முன்னாலேயே நடந்துவிடுகிறது. டைப்ரைட்டர் விசைப்பலகை முறையும் இதில் இருக்கிறது, அதனால் பழைய விரலோடு நேராக யூனிகோடில் அடிக்கிறார். சில எழுத்துகளில் தடுமாறுகிறார், அப்போது என்னைக் கூப்பிடுகிறார்.

ஃபைலில் "உரி" 61 இடத்தில் இருக்கிறது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "வெங்காயத்தை உரின்னு சொன்ன இடமும் இருக்கும்மா, அதுவும் கப் ஆயிடும்." ஒவ்வொன்றாகத் தேடி, முன்னும் பின்னும் படித்து, அம்மா என்ன சொன்னாள் என்று யோசித்து மாற்றுகிறார். இன்று காலை உளுந்தங்களி வரை வந்திருக்கிறார்.