காரைக்குடியிலிருந்து தெக்கோங் தீவுக்கு

மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் போட்ட ஒரு கையெழுத்து, அவனுக்குப் பதினாறரை வயதானபோது கடிதமாகத் திரும்பி வந்தது. சிங்கப்பூரின் கட்டாயப் படைச்சேவையான தேசிய சேவைக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அங்கே வேலைக்குப் போய் நிரந்தரவாசியான எனக்குப் படைச்சேவை கிடையாது. என் பெயரைச் சொல்லி நிரந்தரவாசியான மகனுக்கு உண்டு. முழுநேரமாக இரண்டு ஆண்டுகள், அதன்பின் ஆண்டுதோறும் அழைத்தால் போக வேண்டிய பத்து ஆண்டுச் சுற்று. பிள்ளைக்கு நிரந்தரவாசம் வாங்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறார்களா என்று தெரியவில்லை. நான் படிக்கவில்லை.

பதினோரு வயதில் அவனை அவன் அம்மாவோடு காரைக்குடிக்கு அனுப்பிவிட்டேன், பள்ளிப் படிப்புக்காக. பதின்மூன்று வயது முடிந்த பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். கடிதம் வந்ததும் வீட்டு முகப்பில் பஞ்சாயத்து கூடியது. நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் என் மைத்துனர். கொடுக்கலாம்தான். ஆனால் சேவை செய்யாமல் விலகினால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும்.

"இத்தனூண்டு ஊருக்கு எதற்குப் படை? சண்டை வந்தால் அமெரிக்கா வராதா?" என்றார் அடுத்து. ஊர் சிறியதுதான். சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வடக்கே மலேசியா, தெற்கே இந்தோனேசியா. 1965இல் தனி நாடானபோது கையில் இருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான், மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய 'மோதல்' காலத்தில், ஆர்ச்சர்ட் சாலை மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். 1967இல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. மறு ஆண்டே, 1971க்குள் கிளம்பிவிடுவோம் என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த இஸ்ரேலியர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி மறைத்து வைத்தார்கள். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் கடலில் நச்சு இறாலாக இருக்க வேண்டும் என்று அன்றைய பிரதமர் லீ குவான் யூ சொன்னதை நான் எடுத்துவிட்டதும், இறாலில் ஏது நஞ்சு என்று அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது.

உடன்பாடுகள் இல்லாமல் இல்லை. 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஐந்தும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. வேடிக்கை என்னவென்றால், யாரை நினைத்துப் பயமோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் அதில் ஓர் அங்கம். தாக்குதல் வந்தால் ஐவரும் உடனே கலந்து பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வந்து சண்டை போடுவோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெரிய அளவில் பயிற்சி செய்ய இடம் இல்லாததால் சிங்கப்பூர்ப் படையினர் தைவானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். விமானப்படை மேற்கு வங்கத்தில் உள்ள நம் கலைகுண்டா விமானத் தளத்துக்கே வந்து பயிற்சி செய்கிறது. "அப்படியானால் நம் ஆட்கள்தான்" என்று மைத்துனர் சற்று இறங்கினார்.

என் அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. அவருடைய ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தவர். அன்றைக்குக் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு நம் செட்டியார்கள் கையில். "பெட்டி நிறையக் கணக்கு இருந்தது, காவல் இல்லை. வெள்ளைக்காரன் இருக்கிறான் என்று நினைத்தோம். அவனே ஓடினான்" என்றார் அம்மா. இரண்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 15இல், அதே வெள்ளைக்காரன் சிங்கப்பூரையும் ஜப்பானியரிடம் ஒப்படைத்தான். அந்தத் தேதியை அங்கே இன்றும் முழுமைத் தற்காப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, "தம்பி போகட்டும்" என்றார். பையனை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கேட்டேன். ஓட்டப் பயிற்சிக்கு நல்ல காலணி வாங்கித் தருவீர்களா என்றான்.

அதில் கணக்கு இருந்தது. சேரும் முன்பே உடல்தகுதித் தேர்வில் நூற்றுக்கு 61 எடுத்துவிட்டால், இரண்டு ஆண்டில் இரண்டு மாதம் குறையும். ஒரு நிமிடத் தண்டால், ஒரு நிமிடம் படுத்தெழும் பயிற்சி, பிறகு 2.4 கிலோமீட்டர் ஓட்டம். விடுமுறைக்கு வந்திருந்த நான் எங்கள் ஊருணிக் கரையை மோட்டார் சைக்கிளில் சுற்றி அளந்தேன். ஆறு சுற்று. முதல் நாள் நான்காவது சுற்றில் படித்துறையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தண்ணீர் எடுக்க வந்த ஆச்சிமார், பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று என்னைத் திட்டினார்கள். நான்கு மாதத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டான்.

இழுத்தடித்தது மருத்துவச் சோதனைதான். ரத்தம், கண், காது, பல், கணினியில் அறிவுத்திறன் சோதனை எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. பன்னிரண்டு வயதில் அவனுக்கு வீசிங் இருந்ததை நேர்மையாக எழுதியிருந்தோம். அதற்கான பழைய காகிதங்களைக் கேட்டார்கள். இங்கே சிகிச்சை பார்த்த மருத்துவமனையில் பழைய கோப்புகளைக் கரையான் தின்றுவிட்டதாம். மிகவும் கெஞ்சியதில், 'பையன் நலமாக இருக்கிறான்' என்று ஒரே வரியில் ஒரு கடிதம் கிடைத்தது. அதை நீட்டியபோது எதிரே இருந்த மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நுரையீரல் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்காக இன்னொரு விமான டிக்கெட். பிள்ளையின் மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், வேறென்ன சொல்ல.

சேரும் நாளன்று பெற்றோரும் கூடப் போகலாம். சாங்கியிலிருந்து படகில், அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவு. கரையில் நின்றால் எதிரே மலேசியாவின் ஜொகூர் கரை தெரிகிறது. எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரலாம் என்று யாரும் சொல்லித் தரவே தேவையில்லை. உறுதிமொழி எடுத்த பிறகு உணவுக்கூடத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு, கோழி, கீரை, ஒரு பழம். என் மனைவி கோழித் துண்டைத் தன் தட்டிலிருந்து அவன் தட்டுக்கு மாற்றியபடியே இருந்தாள். பின்னர் அவன் வரிசைக்குப் போனான். நாங்கள் படகுக்குத் திரும்பினோம்.

முதல் வாரம் இரவில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. மொட்டைத் தலை, கறுத்த முகம். கட்டளைகள் எல்லாம் மலாயில் என்றான். நேராக நில் என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று அப்பத்தா கேட்டார். "செடியா!" என்று திரையே அதிரக் கத்தினான்.

அம்மா வளவில் இருந்த துளசி மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ன செடி, தம்பி?"