கீழே நின்றால் கறுப்பு, மேலே நின்றால் வெள்ளை

எங்கள் சமையலறை மேசையில் ஒரு மலையின் படம் மூன்று நாளாகத் தலைகீழாகக் கிடந்தது. பெரிய தாளில் அச்சடித்த படம். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் அதை நேராகத் திருப்பி வைப்பேன். மகள் வந்து ஒன்றும் பேசாமல் மறுபடி தலைகீழாக்கிவிட்டுப் போவாள். மூன்றாம் நாள்தான் ஏன் என்று கேட்டேன்.

"அப்பா, நான் மேலேயிருந்துதானே வாறன்? எனக்கு மலை இப்பிடித்தான் தெரியும்."

அவளுக்குப் பதினேழு வயது. ஃப்ரீரைட் போட்டிகளில் இளையோர் பிரிவில் ஸ்கீ ஓடுகிறாள். நான் சுவிஸின் வாலே மாநிலத்தில், வெர்பியேயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். வீடு கீழே பள்ளத்தாக்கில், லு ஷாப்ல் ஊரில். பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சி. பனையையும் கோயில் கோபுரத்தையும் தவிர வேறெதையும் அங்கே நிமிர்ந்து பார்த்த ஞாபகம் இல்லை. என் மகளோ நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கப் பழகியவள். இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான்.

ஃப்ரீரைட் என்றால் என்ன என்று ஊரில் இருந்து தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தொலைக்காட்சியில் பார்க்கிற ஸ்கீ போட்டியில் இயந்திரம் வைத்துப் பனியை அமர்த்தி, கொடிக்கம்பம் நட்டு, நேரம் அளப்பார்கள். இதில் மலையை அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே ஒரு தொடக்க வாசல், கீழே ஒரு முடிவுக்கோடு. இடையில் பாறை, இடுக்கு, பள்ளம், யாரும் கால் வைக்காத பனி. எந்த வழியாக இறங்குவது என்பது ஓடுகிறவரின் முடிவு. அந்த வழியைத்தான் லைன் என்கிறார்கள். நடுவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். எடுத்த லைன் எவ்வளவு கடினம், உடம்பு கட்டுப்பாட்டில் இருந்ததா, தயங்காமல் ஒரே ஓட்டமாக வந்தாரா, பாறையில் இருந்து பாய்ந்தது எப்படி, ஸ்கீயைக் கையாண்ட நுட்பம் எப்படி என்று ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒரே பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டுக்கும் இதே கணக்குத்தான்.

இதில் எனக்குத் தலை சுற்ற வைத்த விதி ஒன்று உண்டு. போட்டி நடக்கும் சரிவில் முன்கூட்டி ஒருமுறைகூட இறங்கிப் பார்க்கக்கூடாது. எதிரே நின்று கண்ணால் பார்க்கலாம், பைனாகுலரால் பார்க்கலாம், படத்தை வைத்துப் படிக்கலாம். அவ்வளவுதான். அந்தச் சரிவில் ஸ்கீ முதன்முதலாகப் படுவது போட்டி ஓட்டத்தில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த விளையாட்டில் பாதி கண்ணால் நடக்கிறது. துணிச்சல்காரப் பிள்ளைகள் மலையில் இருந்து குதிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை.

வெர்பியேக்கு மேலே பெக் தே ரோஸ் என்று ஒரு சிகரம் இருக்கிறது. 3,200 மீட்டரைத் தாண்டிய உயரம். அதன் வடக்கு முகத்தில்தான் 1996-இல் எக்ஸ்ட்ரீம் போட்டி தொடங்கியது. முதல் சில வருடங்கள் ஸ்னோபோர்டுக்காரர்களுக்கு மட்டும். 2004-இல் ஸ்கீகாரர்களும் சேர்ந்தார்கள். 2008-இல் இதிலிருந்து ஃப்ரீரைட் வேர்ல்ட் டூர் என்ற உலகச் சுற்றுப்போட்டி உருவானது. அதன் இறுதிச் சுற்று மார்ச் மாதவாக்கில் இங்கே நடக்கும். சரிவு சில இடங்களில் 50 பாகைக்கும் மேல். வீட்டு மாடிப்படி முப்பது, முப்பத்தைந்து பாகை இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மிச்சத்தை நீங்களே யோசித்துப் பார்க்கலாம். ஓடுகிறவர்கள் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு முகட்டு வழியாக நடந்து உச்சிக்கு ஏறுகிறார்கள்.

பார்க்கிறவர்கள் நிற்பது நேரெதிரே, கோல் தே ஜான்சியான் என்ற கணவாயில். லா ஷோ என்ற இடத்தில் இருந்து 150 பேர் ஏறக்கூடிய ஜம்போ என்ற கேபிள் கார் அங்கே கொண்டுபோய் விடும். நான் முதன்முதலில் போனது ஒரு விடுமுறை நாளில், கூட வேலை செய்த போர்த்துக்கீசத் தோழர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால். எதிர்ச் சரிவில் எறும்பு மாதிரி ஒரு புள்ளி நகர்ந்தது. புள்ளி பாறை விளிம்புக்கு வந்தது. அப்புறம் காற்றில் நின்றது. சுற்றி நின்ற ஆயிரம் பேரும் ஒரு கணம் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது புள்ளி கீழே ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வெள்ளைப் புகை.

மகள் இதற்குள் போனபிறகும் இரண்டு வருடம் நான் இப்படித்தான், கடினமான இடம் வந்தால் கண்ணை மூடிவிடுவேன். மனைவி போட்டிக்கே வரமாட்டாள், வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு இருப்பாள்.

போன பெப்ரவரியில் ஒரு இளையோர் போட்டி. படம் தலைகீழாகக் கிடந்தது அதற்காகத்தான். அவள் தெரிந்தெடுத்த லைன் எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. தொடக்கத்தில் இருந்து இடது முகட்டோடு இறங்கி, மூன்று பனி மேடுகளை எண்ணி, மூன்றாவதைக் கடந்ததும் வலப்பக்கம் திரும்பினால் ஒரு குலுவார் வரும். குலுவார் என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இறக்கம், ஊரில் இரண்டு மதிலுக்கு நடுவே போகும் ஒழுங்கை மாதிரி. அதன் முடிவில் நாலு மீட்டர்ப் பாறை. அதில் இருந்து பாய்ந்தால் கீழே நல்ல ஆழமான பனி.

அன்று அவள் மேலே இருந்து நன்றாகத்தான் தொடங்கினாள். திரும்பினாள். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டாள். கீழே நின்ற எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் நின்ற இடத்துக்கு இரண்டு மீட்டர் கீழே பாறை முடிந்து, வெறும் காற்று. குலுவார் அவளுக்கு இருபது மீட்டர் வலப்பக்கம் கிடந்தது. அவளுக்குத் தெரிந்ததோ ஒரு வெள்ளை விளிம்பு மட்டும்.

அன்று நான் கண்ணை மூடவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் ஸ்கீயைக் குறுக்காக வைத்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக மேலே ஏறினாள். நான் எண்ணினேன், பதினொரு அடி. பிறகு வலப்பக்கம் நகர்ந்து குலுவாருக்குள் இறங்கி, எதிலும் பாயாமல் மெதுவாகக் கீழே வந்து சேர்ந்தாள். நின்றதற்கும் திரும்ப ஏறியதற்கும் புள்ளி போய், கடைசிக்கு முந்தைய இடம்.

காரில் வரும்போது அவளே சொன்னாள். முந்தின நாள் பின்னேரம் பார்த்தபோது மூன்று மேடுதான் இருந்தது. இரவு முழுக்கக் காற்று. காற்று பனியை அள்ளி முகட்டில் இன்னொரு மேட்டைக் குவித்துவிட்டது. அவள் மூன்று எண்ணித் திரும்பினாள். திரும்ப வேண்டியது நாலாவதில். காலையில் ஒருமுறை வடிவாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போட்டிப் பதற்றத்தில் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

யாழ்ப்பாணத்தில் 'வடிவாகப் பார்' என்றால் கவனமாகப் பார் என்று பொருள். அழகுக்கும் வடிவு, கவனத்துக்கும் வடிவு. அவளுக்குச் சின்ன வயதில் றோட்டைக் கடக்கும்போது நான் சொல்லிக்கொடுத்த சொல். இப்போது அவள் அதை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

மார்ச்சில் இருவரும் ஜான்சியானுக்குப் போனோம். போட்டி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பைனாகுலரை என் கையில் தந்து, "நீங்க ஒரு லைன் சொல்லுங்கோ, பாப்பம்" என்றாள். நான் கறுப்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரு வழியைச் சொன்னேன்.

"அப்பா, கறுப்பு உங்களுக்குத்தான் தெரியுது. மேல நிக்கிற ஆளுக்கு எல்லாம் வெள்ளை."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். பாறையின் செங்குத்தான பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். அதில் பனி தங்காது. ஆகவே எதிரே நிற்கிற நமக்கு அது கறுப்பு. பாறையின் தலையில் பனி மூடியிருக்கும். மேலேயிருந்து வருகிறவருக்குத் தெரிவது அந்தத் தலை மட்டுமே. பத்து மீட்டர்ப் பாறையும் வெறும் பனி மேடும் அங்கிருந்து ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் எதிரே நின்று பார்க்கும்போதே ஒவ்வொரு கறுப்பையும் மனதுக்குள் வெள்ளையாக மாற்றி, அது மேலேயிருந்து எந்த உருவத்தில் தெரியும் என்று யோசித்து வைக்க வேண்டும். பிளந்த பாறையா, அதன் தலையில் இரண்டு சின்ன மேடு தெரியும். தனிக்கல்லா, அதன் இடப்பக்கம் நிழல் விழும். ஆனால் நிழலை நம்பினால் தொடங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பத்து மணி நிழல் பதினொன்றரைக்கு இருக்காது.

இன்னொன்றும் காட்டினாள். செங்குத்துச் சரிவில் ஓடும்போது மேற்பனி பொடியாக உதிர்ந்து ஓடுகிறவரோடு சேர்ந்து வழியும். ஸ்லஃப் என்கிறார்கள். குறுகிய இடத்தில் அது முந்திக்கொண்டால் காலை வாரிவிடும். நல்ல ஓட்டக்காரர் ஓரிடத்தில் பக்கமாக விலகி அதைப் போகவிட்டு, பிறகு தொடர்வார். அந்த விலகும் இடமும் முதலே பார்த்து வைத்ததுதான். அன்று ஒரு ஸ்னோபோர்டுப் பெண் பாறை முதுகில் இரண்டு விநாடி ஒதுங்கியதும், பக்கத்தில் வெள்ளை ஆறு ஓடியதும், அதன் பின்னால் அவர் இறங்கியதும் எனக்கு முதன்முதலாக விளங்கியது. இத்தனை வருடம் அதைப் பயந்து நின்றது என்றே நினைத்திருக்கிறேன்.

மகளுக்கு மிகப் பிடித்தவர் கனடாவின் ஜஸ்டின் டுஃபோர்-லாபுவான்ட். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் மோகல்ஸில் தங்கம் வென்றவர். மோகல்ஸ் என்பது ஒழுங்காகச் செதுக்கிய பனி மேடுகளில் ஓடுவது, ஒவ்வொரு மேடும் எங்கே என்று முன்பே தெரியும். அதை விட்டு இங்கே வந்து, 2023-இல் முதல் வருடத்திலேயே உலகப் பட்டம் எடுத்தார். தெரிந்த மேடுகளில் இருந்து தெரியாத மேடுகளுக்கு வரும் துணிவுதான் தனக்குப் பிடிக்கும் என்கிறாள் மகள்.

எனக்கு ஞாபகத்தில் இருப்பவர் வேறு. எஸ்தெல் பாலே, எங்கள் வாலே மாநிலத்தில் வெர்கோரான் ஊர்ப் பெண். ஸ்னோபோர்டில் 2015-இலும் 2016-இலும் உலகப் பட்டம். இரண்டாவது பட்டம் வாங்கிய சில வாரங்களில், 2016 ஏப்ரல் 19 அன்று, பக்கத்து ஓர்சியேருக்கு மேலே படப்பிடிப்பின்போது பனிச்சரிவில், அதாவது மலையில் இருந்து பெயர்ந்து சரிந்து வந்த பனியில், சிக்கி இறந்தார். 21 வயது. அன்று சமையலறையில் வானொலி அந்தச் செய்தியைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டோம். என் மகள் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. ஆகவே பனிச்சரிவு பற்றி எங்கள் வீட்டில் யாரும் லேசாகக் கதைப்பதில்லை.

போட்டி நாளில் மலை வழிகாட்டிகள் பனியைச் சோதித்துப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் நாளைத் தள்ளி வைப்பார்கள். அதனால்தான் போட்டிக்கு ஒரே நாளாகக் குறிக்காமல் ஒரு வாரம்போல ஒதுக்குகிறார்கள். எனக்குப் பயம் போட்டி நாளில் குறைவு. தோழர்களோடு பிஸ்ட் என்ற, பனியை அமர்த்திய பாதைக்கு வெளியே பயிற்சிக்குப் போகும் சாதாரண சனிக்கிழமைகளில்தான் கூட.

ஆகவே அவள் போகும் நாளுக்கு முந்தின மாலை ஐந்து மணிக்கு, டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கையை இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம். ஆபத்து 1 முதல் 5 வரை. மூன்று என்றால் நடுத்தரம் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். உண்மையில் உயிர்கள் அதிகம் போவது மூன்றாம் நிலையில்தான். நாலு, ஐந்தில் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள், மூன்றில் கிளம்பிவிடுவார்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேலே, காற்று எங்கே பனியைக் குவித்திருக்கிறது என்பதை எல்லாம் அவள் சத்தமாக வாசித்து, வரைபடத்தில் எனக்குக் காட்டிய பிறகுதான் பை கட்டுவாள். பையில் தேடும் கம்பி, மண்வெட்டி, பனிச்சரிவில் ஊதி ஆளைப் பனிக்கு மேலே வைக்கும் ஏர்பேக். உடம்போடு, புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்டும் டி.வி.ஏ. என்ற சமிக்ஞைக் கருவி.

அந்தக் கருவியை நானும் பழகுகிறேன். நான் அவளோடு மலையில் இருக்கப்போவதில்லை, தெரியும். ஆனாலும் புதைந்த ஒருவரைத் தேட முதல் பத்து நிமிடம்தான் நல்ல நேரம் என்று கேட்ட பிறகு, சும்மா இருக்க முடியவில்லை. அவள் ஒரு கருவியைப் பைக்குள் வைத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல்வெளிப் பனியில் புதைத்துவிட்டு வருவாள். நான் மற்றக் கருவியோடு தேடுவேன். திரையில் அம்புக்குறியும் எண்ணும் வரும். எண் குறையக் குறையக் கால்நடையை மெதுவாக்கி, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். எண் மிகச் சிறியதாக வரும் இடத்தில் கம்பியைக் குத்த வேண்டும். கிடைக்கவில்லையா, ஒரு சாண் தள்ளி, சுருளாகச் சுற்றிச் சுற்றிக் குத்த வேண்டும். பையில் கம்பி படும்போது கைக்கு ஒரு மெத்தென்ற உணர்வு வரும். மண்ணில் பட்டால் அப்படி இருக்காது.

போன சனிக்கிழமை அறிக்கை மூன்று. வடக்குச் சரிவில் காற்றுப் பனி. அவள் போகவில்லை. காலை முழுக்க வயலில் தேடினோம். முதல் தடவை கம்பி பட எனக்கு ஆறு நிமிடம் எடுத்தது. இரண்டாவது தடவை நாலு நிமிடம் இருபது விநாடி. அவள் நேரத்தைச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, மூன்றாவது தடவை புதைக்கப் போனாள்.