ஹன்லேயில் ஒரு யூனிட் மின்சாரம்

லடாக்கின் லே நகரிலிருந்து சிந்து நதியை ஒட்டியே உப்ஷி, சுமதாங், நியோமா என்று கிழக்கு நோக்கிப் போய், லோமா பாலத்தில் நதியைக் கடந்து தெற்கே திரும்பினால் மாலைக்குள் ஹன்லே வந்துவிடும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் 4500 மீட்டர் உயரத்தில் ஒரு மலையுச்சியில் நிற்கிறது. 2022 டிசம்பரில் இந்தப் பகுதி, செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவின் இருளைக் காக்கும் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தை இந்த வானத்தின் கீழ் ஒருமுறையாவது படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அக்டோபர் அமாவாசையை ஒட்டி மூன்று இரவுகள் தங்கத் திட்டமிட்டோம்.

கேமராவைத் தாங்கி வானத்தின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் மோட்டார் பீடம், லென்ஸில் உறைபனி படியாமல் காக்கும் சூட்டுப்பட்டை, கேமரா ஆகிய மூன்றுக்கும் இரவு முழுவதும் மின்சாரம் வேண்டும். இதற்காகத்தான் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் ஒன்றை, அதாவது பிளக் செருகிக்கொள்ளக்கூடிய ஒரு பெரிய பேட்டரிப் பெட்டியை, எடுத்துச் சென்றோம். ஆனால் அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரிக்குத் தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் அறவே இடமில்லை. எங்களுடையதோ 1024 வாட்-மணி. எனவே தில்லியில் வசிக்கும் அண்ணன் அதைத் தம் காரிலேயே லேவுக்குக் கொண்டுவந்தார்.

1024 வாட்-மணி என்பது நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் ஏறக்குறைய ஒரு யூனிட். 13 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி சுமப்பது அந்த ஒரு யூனிட்டைத்தான். உள்ளே 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 16 வரிசையாக இணைக்கப்பட்டு 51.2 வோல்ட் தருகின்றன. அவற்றைக் கண்காணிக்க ஒரு மின்னணுப் பலகையும், அந்த நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்ற ஒரு இன்வெர்ட்டரும் உண்டு. பெட்டியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதை வாட்-மணி சொல்கிறது. ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை இன்வெர்ட்டரின் வாட் சொல்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

எங்களுக்கு அது முதல் மாலையிலேயே புரிந்தது. அண்ணன் வீட்டிலிருந்து எடுத்து வந்த 1500 வாட் கெட்டிலைச் செருகியதும், பேட்டரி நிறைந்திருந்தும், திரையில் எண் ஒருமுறை துள்ளியது, பிறகு வெளியீடு நின்றுவிட்டது. இன்வெர்ட்டரின் வரம்பு 1000 வாட். பயணத்துக்கென வைத்திருந்த 600 வாட் சிறு கெட்டிலை மாற்றிச் செருகியபோது அமைதியாக வேலை செய்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அப்படியிருந்தும் ஒரு லிட்டர் கொதிப்பதற்குள் திரையில் 100 விழுக்காடு என்றிருந்த சேமிப்பு 87 ஆகிவிட்டது. பனிபோல் குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரிக்கு மேல் சூடேற்ற இயற்பியல் கேட்கும் விலை சுமார் 95 வாட்-மணி. கெட்டிலிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவது தனி. வானத்தைப் படமெடுக்கும் மூன்று கருவிகளும் சேர்ந்து இழுப்பது 30 வாட்தான். இரண்டு முறை தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஓர் இரவே வானத்தைப் பார்த்துவிடலாம். கெட்டில், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி என்று சூடு தரும் எதுவும் இந்தப் பெட்டியைக் கண்முன்னே காலியாக்கும். போன், விளக்கு, லேப்டாப் போன்றவற்றையோ அது நாள்கணக்கில் தாங்கும். 5000 எம்ஏஎச் போன் பேட்டரி கூட 19 வாட்-மணிதான்.

முதல் இரவில் பீடத்தின் அடாப்டரை 230 வோல்ட் பிளக்கில் செருகினோம். திரை வெளிச்சம் இருளைக் கெடுக்கக் கூடாதென்று அதன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினோம். விடியற்காலையில் துணியை விலக்கினால் 47 விழுக்காடு தீர்ந்திருந்தது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றி, அதை மறுபடியும் அடாப்டரில் 12 வோல்ட்டாக இறக்கி, இரண்டு இடங்களிலும் இழந்திருக்கிறோம். போதாததற்கு இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே மணிக்குச் சுமார் 10 வாட்-மணி தின்கிறது. மறுநாள் இரவு அதை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் உள்ள 12 வோல்ட் துளையிலிருந்து நேரடிக் கம்பி இழுத்தோம். அதே கருவிகள், அதே 9 மணி நேரம், ஆனால் செலவானது 31 விழுக்காடு.

இந்த இரண்டு இரவுகளுக்கும் இடையிலான காலைப் பொழுதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. இரவில் தெர்மாமீட்டர் மைனஸ் 9 காட்டியிருந்தது. பெட்டி வெட்ட வெளியிலேயே கிடந்தது. சூரியன் ஏறியதும் 100 வாட் சோலார் பலகையை விரித்து இணைத்தோம். திரையில் உள்ளீடு 0 என்று நின்றது, ஓரத்தில் ஒரு பனித்துகள் சின்னம். "பெட்டி கெட்டுப்போச்சா அண்ணா?" என்றேன். அவர் கையேட்டைப் புரட்டிக்கொண்டே, "இல்லைடா, அது தன்னைக் காப்பாத்திக்கிது" என்றார்.

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்தச் செல்கள் மின்சாரத்தைத் தரும், ஆனால் வாங்கிக்கொள்ளக் கூடாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் ஒரு முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். கடுங்குளிரில் அந்த நுழைவு மந்தமாகிவிடுவதால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். மோசமான நிலையில் அது ஊசிபோல் வளர்ந்து, செல்லின் இரு முனைகளையும் பிரித்து வைக்கும் இடைத்தடுப்பைத் துளைத்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் கண்காணிப்புப் பலகை சார்ஜ் செய்யும் வழியை அடைத்திருந்தது. மலிவான பெட்டி வாங்குகிறவர்கள் இந்தக் காப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு வேறெந்த வசதியும் இதற்கு ஈடாகாது.

விடுதி வீட்டு அக்காவை அங்குள்ள வழக்கப்படி "ஆச்சே-லே" என்றுதான் அழைப்போம். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்டு, வறட்டி எரியும் அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி ஓரிடம் காட்டினார். 13 கிலோவின் உட்பகுதி சூடேற எளிதில் விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் பனித்துகள் சின்னம் மறைந்தது. ஜன்னல் வழியே கம்பியை உள்ளே விட்டு இணைத்தபோது 96 வாட் ஏறியது. சமவெளியில் அண்ணன் இதே பலகையில் 70ஐத் தாண்டிப் பார்த்ததில்லையாம். மெல்லிய காற்றும் தூய வெயிலும் குளிர்ந்த பலகையும் சேர்ந்து தந்த பரிசு அது. ஆனால் குளிரில் பலகையின் வோல்ட் உயரும். இரண்டு பலகைகளை வரிசையில் கோக்க நினைப்பவர்கள் பெட்டி தாங்கும் உச்ச வோல்ட்டை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த இரண்டு இரவுகளும் பெட்டியைத் தெர்மோகோல் பலகைகளுக்கு நடுவே வைத்து, விசிறித் துளைகளை மட்டும் திறந்துவிட்டு, கம்பளியால் மூடினோம். தேநீர்த் தண்ணீரை ஆச்சே-லேயின் அடுப்பிலேயே கொதிக்க வைத்து ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் இரவில் மட்டும் 140 படங்கள் கிடைத்தன. கிளம்பும் காலையில் திரை 22 காட்டியது. அறைச் சூட்டிலிருந்து நேராகத் தூக்கிவந்து காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் இணைத்தோம். லோமா பாலத்தை எட்டும்போது 45 ஆகியிருந்தது.