குரலுக்குக் காத்திராத காது

ஜூன் 8, 2024
சின்ன வயதில் எனக்கு இசை என்றால் பாட்டு, பாட்டு என்றால் குரல். இடையிசை வந்தால் சரணம் எப்போது தொடங்கும் என்று காத்திருப்பேன். அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது சித்தப்பா கொடுத்த ஒரு கேசட்: இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகுக்கும் காணிக்கை. பாடல் வரிகள் கிடையாது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ஸில் பாகின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் (தனி வயலினுக்கான இசைத் தொகுப்பு) முகப்பு இசை ஓட, அதோடு ராஜாவின் தந்திகள் பேச்சுக்கொடுக்கும். வி.எஸ். நரசிம்மனின் வயலினைத் தொடர்ந்து போனால் அடியில் இன்னொருவர் வேறு வழியில் போய்க்கொண்டிருப்பார். எதைக் கேட்பது? இரண்டையும்தான். இது பிடிபட எனக்கு ரொம்ப நாள் ஆனது. இன்று மறுபடி கேட்டேன்.

ஜூன் 9
பிடிபட்ட பிறகு முதலில் மாறியது சினிமாப் பாட்டுதான். ‘பகல் நிலவு’ (1985) படத்தின் ‘பூமாலையே’. ராஜா ஒரு மெட்டில் பாட, எஸ். ஜானகி அதன்மேலேயே வேறு வரிகளை வேறு மெட்டில் பாடுவார். அதுவரை எனக்கு அது அழகான டூயட், அவ்வளவுதான். இப்போது ஜானகியை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்க முடிகிறது.

ஜூன் 15
பாகைத் தேடிப் போனால் பியானோக் கலைஞர் கிளென் கூல்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பாகின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை 22 வயதில், 1955இல் பதிவுசெய்தார். சுமார் 38 நிமிடம், ஒரே பாய்ச்சல். 1981இல் மறுபடி வாசித்தபோது 51 நிமிடம். பலர் முதலாவதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இரண்டாவது. இரண்டு கைகளும் தனித்தனியாகப் பேசுவது அதில்தான் தெளிவாக விழுகிறது. நடுநடுவே அவர் முனகுவதும் கேட்கும். என் மனைவிக்கு அது தாங்காது.

ஜூன் 22
அந்த இரண்டு பதிவுகளும் நடந்தது நியூயார்க் 30ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டும் (1959) அங்கேதான். ஜாஸ் நமக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்கள் அதன் முதல் உருப்படி ‘ஸோ வாட்’டில் தொடங்கலாம். நம் கணக்கில் சொன்னால் 16 பார் (தாளச் சுற்று) கரகரப்பிரியா, அரை சுரம் ஏற்றி அதே 8 பார், திரும்பவும் பழைய சுருதியில் 8 பார். கமகம் இல்லை, சரி. ஆனால் ஒரே சுர வரிசைக்குள் நின்று சாக்ஸபோனில் கோல்ட்ரேன் என்ன செய்கிறார், பியானோவில் பில் எவன்ஸ் என்ன செய்யாமல் விடுகிறார் என்று பார்ப்பது கச்சேரி கேட்ட காதுக்குப் புதிதல்ல.

ஜூன் 23
சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் பழைய பதிப்பு கொஞ்சம் மேலே நிற்கிறது. காரணம் இருக்கிறது: மார்ச் 2 அன்று பதிவான முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளுக்கும் பதிவின்போது டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதை வழக்கமான வேகத்தில் ஓட்டியதால் இசைத்தட்டில் அவை வேகமாகவும் சுருதி கூடியும் ஒலித்தன. 1992 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். சரியான வேகத்தில் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சோம்பலாகத் தெரிகிறது, காது பழைய தப்புக்குப் பழகிவிட்டது. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு, அதில் இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ அடுத்த வாரத்துக்கு: ஐந்து சுர வரிசைகள், ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் விரும்பும்வரை இருக்கலாம்.